பட்ஜெட் லேப்டாப்பா, பிரீமியம் லேப்டாப்பா? எந்த வரிசையில் பார்த்து முடிவெடுப்பது

லேப்டாப் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விலையைப் பார்க்கிறார்கள், அடுத்து பிராசஸரைப் பார்க்கிறார்கள், அதோடு முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களிடம் கேட்டால் பிராசஸரைப் பற்றிக் குறை சொல்பவர்கள் குறைவு. திரை மங்கலாக இருக்கிறது, மூடியைத் தாங்கும் ஹிஞ்ச் விட்டுக்கொண்டு வருகிறது, 8 ஜிபி ரேம் போதவில்லை ஆனால் கூட்ட முடியாதாம், எங்கே போனாலும் சார்ஜரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பட்ஜெட் லேப்டாப் வாங்கியவர்கள் சொல்வது இதுதான். பிரீமியம் வாங்கியவர்களின் வருத்தம் வேறு மாதிரி. மேசையை விட்டு நகரவே நகராத கணினிக்கு, எடை குறைவு என்பதற்காக இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்திருப்பார்கள்.

இரண்டு வருத்தமும் எதை முதலில் பார்ப்பது என்ற குழப்பத்தில் பிறப்பவை. பலருக்கு லேப்டாப் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததில் எனக்குப் பிடிபட்ட வரிசை கீழே இருக்கிறது. தயவுசெய்து படிகளை மாற்றிப் போடாதீர்கள். முதல் மூன்று படிகளை முடிக்காமல் மாடல் தேட ஆரம்பித்தால், கண்ணில் படும் தள்ளுபடிதான் உங்களுக்காக முடிவெடுக்கும்.

1. முதலில் உங்கள் நாளை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இந்தத் திரையைப் பார்ப்பீர்கள்? வாரத்தில் எத்தனை நாள் பையில் போட்டு வெளியே எடுத்துச் செல்வீர்கள்? பிளக் பாயின்ட் இல்லாமல் ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் வேலை செய்ய வேண்டியிருக்கும்? எத்தனை வருடம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?

இதைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள், விடை தெரிந்ததுதானே என்று நினைத்து. எழுதிப் பார்த்தால் வேறு மாதிரி வரும். "நிறைய எடுத்துட்டுப் போவேன்" என்று சொன்னவர் எழுதும்போது மாதத்துக்கு இரண்டு முறை என்று எழுதுவார். பிரீமியம் லேப்டாப்பின் விலையில் பெரும்பகுதி எடை, பேட்டரி, திரை, உடம்பின் உறுதி ஆகியவற்றுக்குப் போகிறது. இந்த நான்கும் உங்களுக்குப் பயன்படுமா என்பதை அந்தத் தாள் மட்டும்தான் சொல்லும்.

2. இப்போது வைத்திருக்கும் கணினியை அளந்து பாருங்கள்

பழைய கணினி ஏதாவது கையில் இருந்தால் இந்தப் படி இலவசம். வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள்: பிரௌசரில் வழக்கமான டேப்கள், அலுவலக மென்பொருள், வீடியோ அழைப்பு, பின்னணியில் பாட்டு. அப்புறம் விண்டோஸ் என்றால் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். மேக் என்றால் ஆக்டிவிட்டி மானிட்டரில் மெமரி பிரஷர் வரைபடத்தைப் பாருங்கள். அது மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறினால் ரேம் திணறுகிறது என்று அர்த்தம்.

விண்டோஸ் 11 எதுவும் திறக்காமலேயே 3 முதல் 4 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். தனி கிராஃபிக்ஸ் சிப் இல்லாத லேப்டாப்பில் திரைக்காகவும் அதே ரேமில் ஒரு பகுதி போய்விடும். ஆகவே 8 ஜிபி லேப்டாப்பில் உங்களுக்கு உண்மையில் மிஞ்சுவது பாதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தட்டச்சும் சில டேப்களும் என்றால் அது ஓடும். அழைப்பில் திரையைப் பகிர்ந்துகொண்டே இன்னொரு பக்கம் பெரிய ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தால் திணறும்.

அதே டாஸ்க் மேனேஜரில் சிபியு (பிராசஸர்) பக்கத்தையும் ஒரு வேலை நாள் முழுக்க அவ்வப்போது எட்டிப் பாருங்கள். பலருக்கு அது 20 சதவீதத்தைத் தாண்டுவதே இல்லை. அப்படிப்பட்டவருக்கு வேகமான பிராசஸருக்காகக் கூடுதல் பணம் கொடுக்கக் காரணமே கிடையாது. வீடியோ எடிட்டிங், கோட் கம்பைல் செய்வது, முப்பரிமாண வரைவு என்று 100 சதவீதத்தில் பல நிமிடங்கள் நிற்கிறது என்றால் உங்கள் கதை வேறு. அதற்கு 6-வது படியைக் கவனமாகப் படியுங்கள்.

3. மாற்ற முடியாதவற்றைத் தனியாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் சில பாகங்களைப் பிறகு மாற்றலாம், சிலவற்றை மாற்றவே முடியாது, அல்லது மாற்றும் செலவில் பாதி லேப்டாப் வந்துவிடும். பணத்தை மாற்ற முடியாத அந்த இரண்டாவது வகையில் போடுங்கள்.

மாற்ற முடியாதவை: திரையின் தரம், உடம்பும் ஹிஞ்சும், கீபோர்டு, டச்பேடு, பிராசஸர், மதர்போர்டில் சாலிடர் செய்த (பற்றவைத்த) ரேம், போர்ட்டுகள், எடை. பெரும்பாலான மெல்லிய லேப்டாப்களில் கீபோர்டு மேல் பலகையோடு சேர்த்தே ஒட்டப்பட்டோ ரிவெட் அடிக்கப்பட்டோ இருக்கும். நான்கு பட்டன் போனாலும் முழுப் பலகையையும் மாற்ற வேண்டும்.

மாற்ற முடிந்தவை: எம்.2 ஸ்லாட்டில் இருக்கும் எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்), ஸ்லாட் இருந்தால் ரேம், பெரும்பாலானவற்றில் பேட்டரி, சிலவற்றில் வைஃபை கார்டு. வெளியே இருந்து சேர்க்க முடிந்தவையும் இதில் அடங்கும்: மவுஸ், மானிட்டர், வெப்கேம்.

1 டிபி எஸ்எஸ்டி இருக்கிறது என்பதற்காக மோசமான திரையை ஏற்றுக்கொள்வது தலைகீழான கணக்கு. 512 ஜிபியோடு நல்ல திரை வாங்கினால் எஸ்எஸ்டியை இரண்டு வருடம் கழித்துக்கூடப் பெரிதாக்கிக்கொள்ளலாம். மேக்புக்கில் மட்டும் இந்தப் பேச்சு செல்லாது. அங்கே ரேம், ஸ்டோரேஜ் இரண்டையும் வாங்கும் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

4. திரை: இங்கேதான் பட்ஜெட் லேப்டாப் கை வைக்கும்

விலையைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் திரையில்தான் முதலில் குறைப்பார், ஏனென்றால் விளம்பரத்தில் அது தெரியாது. "ஃபுல் எச்டி" என்று போட்டால் எல்லாத் திரையும் ஒன்று போலத்தான் தோன்றும். நீங்கள் பார்க்க வேண்டிய எண்கள் வேறு.

முதலாவது, பிரைட்னஸ். பட்ஜெட் லேப்டாப்களில் 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) என்பது சர்வசாதாரணம். அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் அது போதும். ஜன்னலோரம் பகலில் உட்கார்ந்தால் முழு வெளிச்சத்தில் வைத்தும் எழுத்தைத் தேட வேண்டியிருக்கும். 300 குறைந்தபட்சம், 400 வசதி. வெளியில் அடிக்கடி வேலை செய்பவர் 400-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

இரண்டாவது, நிறம். என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி இரண்டும் ஒரு திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதன் அளவுகோல்கள். 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால் அது எஸ்ஆர்ஜிபி கணக்கில் ஏறக்குறைய 60 முதல் 65 சதவீதம்தான். சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும், தோலின் நிறம் வெளிறும். தட்டச்சு வேலைக்கு இதனால் ஒன்றும் குறைந்துவிடாது. படங்களைத் திருத்துபவர், வடிவமைப்பாளர், துணியோ நகையோ படம் எடுத்து இணையத்தில் விற்பவர் இந்தத் திரையில் வேலை செய்தால், அவர் பார்த்துத் திருத்திய நிறம் ஒன்றாகவும் வாங்குபவர் போனில் பார்க்கும் நிறம் வேறாகவும் இருக்கும். அவர்களுக்கு 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி கட்டாயம்.

மூன்றாவது, பேனல் வகை. டிஎன் பேனல் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தலையைச் சற்று உயர்த்தினாலே நிறம் மாறும். ஐபிஎஸ் போதும். ஓஎல்இடி கண்ணைப் பறிக்கும், கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கும், ஆனால் பல ஓஎல்இடி திரைகள் குறைந்த வெளிச்சத்தில் மிக வேகமாக அணைந்து அணைந்து எரிவதால் சிலருக்குத் தலைவலி வரும். வாங்குவதற்கு முன் பிரைட்னஸைக் குறைத்து வைத்து பத்து நிமிடம் படித்துப் பாருங்கள். டாஸ்க்பார் போல அசையாமல் நிற்பவை வருடக்கணக்கில் தடம் பதிக்கவும் வாய்ப்பு உண்டு.

நேரில் சோதிக்க ஒரு சுலபமான வழி: வெள்ளைப் பக்கத்தில் சாம்பல் நிற எழுத்து இருக்கும் ஏதாவது இணையதளத்தைத் திறந்து, பிரைட்னஸைப் பாதியில் வைத்து, மெதுவாகக் கீழே உருட்டுங்கள். மலிவான பேனலில் நகரும் எழுத்துக்குப் பின்னால் புகை போல ஒரு நிழல் இழுத்துக்கொண்டு வரும். நின்றதும் ஒரு நொடி கழித்துத்தான் எழுத்து கூர்மையாகும். நாளுக்கு எட்டு மணி நேரம் படிப்பவருக்கு இந்த நிழல்தான் சாயங்காலக் கண் எரிச்சல்.

அப்புறம் உயரம். 1920க்கு 1080 திரைக்குப் பதில் 1920க்கு 1200 கிடைத்தால் அதை எடுங்கள். மேலும் கீழும் சேர்த்து 120 வரிசை புள்ளிகள் கூடுதல். ஆவணம், ஸ்ப்ரெட்ஷீட், கோட் எல்லாவற்றிலும் இது தினமும் உதவும். 1366க்கு 768 திரையை இன்றைக்குப் புதிதாக வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

5. ரேமும் ஸ்டோரேஜும்

ரேம் எவ்வளவு என்பதோடு, அது ஸ்லாட்டில் இருக்கிறதா சாலிடர் செய்யப்பட்டதா என்பதையும் கேளுங்கள். கடையில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. எல்பிடிடிஆர் என்று தொடங்கும் ரேம் ஏறக்குறைய எல்லா லேப்டாப்களிலும் சாலிடர் செய்ததுதான். காட்சிக்கு வைத்த லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மெமரி பக்கத்தில் ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரி இருக்கும். அதில் எஸ்ஓடிம் என்று இருந்தால் ஸ்லாட், "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் சாலிடர்.

விதி இதுதான்: சாலிடர் செய்த ரேம் என்றால் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். ஸ்லாட் இருந்தால் 8 ஜிபியோடு வாங்கிப் பிறகு கூட்டலாம். இதனாலேயே சில நேரம் தடிமனான, அழகில்லாத பட்ஜெட் லேப்டாப், மெல்லிய நடுத்தர லேப்டாப்பைவிட நீண்ட நாள் உழைக்கும். ஒரே ஒரு ஸ்லாட்டில் ஒரே ஒரு ரேம் துண்டு இருந்தால் கிராஃபிக்ஸ் வேகம் கணிசமாகக் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு துண்டு போட்டால் பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் சிப்புக்கு இரண்டு வழியாகத் தரவு வரும்.

ஸ்டோரேஜில் ஒரே ஒரு பொறி: இஎம்எம்சி. மிக மலிவான லேப்டாப்களில் 64 அல்லது 128 ஜிபி என்று போட்டு இதைத்தான் வைத்திருப்பார்கள். நொடிக்குச் சில நூறு எம்பி மட்டுமே படிக்கும், மதர்போர்டில் சாலிடர் செய்யப்பட்டிருக்கும். என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி நொடிக்கு ஆயிரக்கணக்கான எம்பி படிக்கும். விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவையே 64 ஜிபி என்பதால், 64 ஜிபி இஎம்எம்சி லேப்டாப்பில் சில மாதங்களில் அப்டேட் இறக்க இடம் இருக்காது. என்விஎம்இ வகைகளுக்குள் நொடிக்கு 3500 எம்பியா 7000 எம்பியா என்ற வேக வித்தியாசம் அன்றாட வேலையில் தெரியாது. அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

6. பிராசஸர் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

"ரைசன் 5" என்றோ "ஐ5" என்றோ சொல்வதில் எந்தத் தகவலும் இல்லை. பின்னால் வரும் எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது.

ரைசன் தயாரிக்கும் ஏஎம்டியின் 7000 வரிசையை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கோர் (கணக்கிடும் அலகு) எந்தத் தலைமுறை என்று சொல்லும். ரைசன் 5 7520யூ என்றால் மூன்றாவது இலக்கம் 2, அதாவது 2019-ல் வந்த ஜென் 2 கோர், அதுவும் நான்கு கோர்தான். ரைசன் 5 7530யூ என்றால் ஜென் 3, ஆறு கோர். 7540யூ என்றால் ஜென் 4. மூன்றும் ஒரே ஸ்டிக்கரோடு அருகருகே விற்கும். முதல் இரண்டுக்கும் பெயரில் 10 எண்தான் வித்தியாசம். 7520யூ எல்பிடிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும் என்பதால் அதில் ரேம் எப்போதும் சாலிடர் செய்ததுதான். 8 ஜிபியோடு வரும் 7520யூ லேப்டாப் கடைசி வரைக்கும் 8 ஜிபிதான்.

இன்டெலில் என்100 என்றால் சிக்கனத்துக்கான சின்ன கோர்கள் நான்கு மட்டும். படிப்பு, தட்டச்சு, வீடியோ பார்ப்பது என்றால் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். எண்ணுக்குப் பின்னால் யூ இருந்தால் 15 வாட்டை ஒட்டிய சிக்கன வகை, எச் இருந்தால் 28 அல்லது 45 வாட்டில் ஓடும் வேக வகை. "கோர் அல்ட்ரா" என்பதும் வெறும் "கோர் 5" என்பதும் ஒன்றல்ல. கோர் 5 120யூ போன்றவை பழைய தலைமுறை வடிவமைப்பைப் புதிய பெயரில் தருபவை. அதில் தவறில்லை, ஆனால் புதிய விலை கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, இது பெயரில் தெரியாது: ஒரே பிராசஸர் இரண்டு லேப்டாப்பில் இரண்டு வேகத்தில் ஓடும். முதல் அரை நிமிடம் எல்லா லேப்டாப்பும் பறக்கும். சூடேறியதும், ஒரே ஒரு ஹீட் பைப்பும் சின்ன ஃபேனும் இருக்கும் பட்ஜெட் உடம்பு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நல்ல பிரீமியம் உடம்பு, அல்லது தடிமனான கேமிங் உடம்பு, குறைக்காமல் தாக்குப்பிடிக்கும். ஆகவே 2-வது படியில் உங்கள் சிபியு நிமிடக்கணக்கில் 100-ல் நின்றது என்றால், விமர்சனங்களில் தொடர்ச்சியான வேகத்தைச் சோதித்தவர்களைத் தேடிப் படியுங்கள். மெல்லிய பிரீமியம் லேப்டாப்பும் இதில் தோற்கும். ஃபேனே இல்லாத மேக்புக் ஏர் அமைதியாக இருக்கும், நீண்ட நேர ரெண்டரிங்கில் மெதுவாகும்.

ஏஐ ஸ்டிக்கருக்காகத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். ஏஐ வேலைக்கான அந்த என்பியு சிப் உங்கள் மென்பொருளில் எதையாவது வேகமாக்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

7. கையால் தொட்டுப் பாருங்கள்

இணையத்தில் வாங்குவதாக இருந்தாலும் அதே வரிசை லேப்டாப்பை ஒருமுறை நேரில் தொட்டுவிட்டு வாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

மூடியின் ஒரு மூலையை மட்டும் பிடித்து மெதுவாகத் திறங்கள். எதிர் மூலை தாமதமாகப் பின்தொடர்ந்து வந்தால், அதாவது மூடி முறுக்கிக்கொண்டு திறந்தால், அந்தப் பிளாஸ்டிக் மெல்லியது. மலிவான பல லேப்டாப்களில் ஹிஞ்சைப் பிடித்திருக்கும் திருகுகள் பிளாஸ்டிக்குக்குள் பதித்த சின்னப் பித்தளை மரைகளில்தான் உட்கார்ந்திருக்கும். ஹிஞ்ச் இறுகி இருக்க, பிளாஸ்டிக் மெலிந்திருக்க, தினமும் திறந்து மூடும் இழுப்பு முழுக்க அந்தப் பித்தளை மேல் விழும். ஒருநாள் மூடியின் கீழ் மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரியும், திறக்கும்போது "டிக்" என்று சத்தம் வரும், அடுத்த சில வாரங்களில் ஓரம் பிளந்து நிற்கும். இதை ஒட்டிச் சரிசெய்வது நிலைப்பதில்லை.

அப்புறம் கீபோர்டின் நடுவில் விரலால் அழுத்துங்கள். பலகை குழிந்தால் தட்டச்சு களைப்பாக இருக்கும். இரண்டு பத்தி உண்மையாகவே தட்டச்சு செய்யுங்கள், தமிழிலும். டச்பேடின் மேல் ஓரத்திலும் மூலையிலும் கிளிக் செய்து பாருங்கள், மெதுவாக ஒரு நேர்கோட்டில் விரலை நகர்த்தி அம்புக்குறி தாவுகிறதா என்று பாருங்கள். எப்போதும் மவுஸ் வைத்துதான் வேலை என்றால் டச்பேடை மறந்துவிடுங்கள்.

8. பேட்டரி, சார்ஜர், போர்ட்

"12 மணி நேரம் தாங்கும்" என்ற வரியை விட்டுவிட்டு வாட் அவர் (பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் நிற்கும் என்ற அளவு) எண்ணைப் பாருங்கள். லேசான வேலையில் லேப்டாப் 6 முதல் 10 வாட் வரை இழுக்கும். 42 வாட் அவர் பேட்டரியை 8 வாட்டால் வகுத்தால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். வீடியோ அழைப்பில் அது இன்னும் குறையும். 60, 70 வாட் அவர் இருந்தால்தான் ஒரு முழு வேலை நாளைப் பற்றிப் பேசலாம். ஆப்பிளின் சொந்தச் சிப்பில் ஓடும் மேக்புக்குகளும் சில புதிய விண்டோஸ் லேப்டாப்களும் குறைவாக இழுப்பதால் சின்னப் பேட்டரியிலும் நீண்ட நேரம் ஓடும்.

யூஎஸ்பி-சி போர்ட் இருக்கிறது என்பதால் அதில் சார்ஜ் ஏறும், மானிட்டர் ஓடும் என்று எண்ணிவிடாதீர்கள். பட்ஜெட் லேப்டாப்பில் அது வெறும் தரவுக்கு மட்டுமானதாகவும் இருக்கும். விவரக்குறிப்பில் பவர் டெலிவரி, டிஸ்பிளேபோர்ட் என்ற இரண்டு சொற்களையும் தேடுங்கள். இரண்டும் இருந்தால் ஒரே ஒரு கேபிளில் மானிட்டரும் சார்ஜும் முடிந்துவிடும், சார்ஜர் தொலைந்தாலும் பொதுவான 65 வாட் சார்ஜர் கைகொடுக்கும்.

9. வருடக் கணக்கு போடுங்கள்

இதுவரை இரண்டு மூன்று மாடல்கள் கையில் நின்றிருக்கும். இப்போதுதான் விலையைப் பார்க்க வேண்டும். வாங்கும் விலையோடு இடையில் ஆகும் செலவைக் கூட்டி, கடைசியில் விற்றால் கிடைப்பதைக் கழித்து, வருடங்களால் வகுங்கள்.

பட்ஜெட் லேப்டாப் 100 என்று வைத்துக்கொள்வோம். ரேம் கூட்ட 10, மூன்று வருடம் கழித்து விற்றால் 10. வருடத்துக்கு 33. பிரீமியம் 240, நான்காம் வருடம் பேட்டரி மாற்ற 15, ஆறு வருடம் கழித்து விற்றால் 35. வருடத்துக்கு ஏறக்குறைய 37. வித்தியாசம் பெரிதில்லை. அந்த 4-க்காக ஆறு வருடமும் நல்ல திரையும் நல்ல கீபோர்டும் கிடைக்கின்றன என்றால், நாள் முழுக்கத் திரை முன் இருப்பவருக்கு அது லாபம்.

ஆனால் இதே கணக்கு எளிதில் கவிழும். பட்ஜெட் லேப்டாப் மேசையிலேயே இருந்து ஐந்து வருடம் ஓடினால், மறுவிற்பனையில் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் வருடத்துக்கு 22-தான். பிரீமியம் லேப்டாப் இரண்டாம் வருடத்தில் கீழே விழுந்தோ காபி கொட்டியோ மதர்போர்டு போனால் வருடத்துக்கு 120. எல்லாவற்றையும் ஒரே போர்டில் சாலிடர் செய்திருப்பதால் அதில் சின்னப் பழுது என்பதே குறைவு. குழந்தைகள் கையில் போகும், அடிக்கடி பயணம் போகும் லேப்டாப் என்றால், பிரீமியம் வாங்கும்போது விபத்துக் காப்பீட்டின் விலையையும் 240-உடன் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். கடன் வாங்கி வாங்குகிறீர்கள் என்றால் வட்டியையும் சேருங்கள்.

10. மூன்றாவது வழியையும் பாருங்கள்

நிறுவனங்கள் மூன்று நான்கு வருடம் பயன்படுத்திவிட்டு விற்கும் பிசினஸ் லேப்டாப்கள்: லெனோவோவின் திங்க்பேடு டி வரிசை, டெல்லின் லேட்டிட்யூட், எச்பியின் எலைட்புக் போன்றவை. புதிதாக இருந்தபோது பிரீமியம் விலை, இப்போது பட்ஜெட் விலை. உடம்பும் ஹிஞ்சும் கீபோர்டும் புதிய பட்ஜெட் லேப்டாப்பைவிட உறுதியாக இருக்கும், பிரித்து மாற்றும் முறையைத் தயாரிப்பாளரே கையேடாக வெளியிட்டிருப்பார். என்னிடம் யாராவது மாணவருக்குக் குறைந்த பணத்தில் கேட்டால் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

பார்க்க வேண்டியவை நான்கு. விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்கும் பிராசஸர் வேண்டும்: இன்டெல் என்றால் 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிறகு. பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்பில்) பாஸ்வேர்டு இருக்கக் கூடாது. விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தோடு இணைக்கும்போது பழைய நிறுவனத்தின் லாகின் கேட்கக் கூடாது. கேட்டால் அது இன்னும் அவர்கள் பதிவில் இருக்கிறது, வாங்காதீர்கள். நான்காவது பேட்டரி. விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுத்து, தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் இப்போதைய முழு சார்ஜ் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். 70 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

11. இப்போது முடிவு

நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் அந்தத் திரையையே பார்க்கிறீர்கள், வாரத்தில் மூன்று நாளாவது எடுத்துச் செல்கிறீர்கள், ஐந்து வருடமாவது வைத்துக்கொள்வீர்கள். இந்த மூன்றும் பொருந்தினால் பிரீமியம். தயங்க வேண்டாம்.

பெரும்பாலும் மேசையில்தான் என்றால் பட்ஜெட் லேப்டாப் ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல மானிட்டரும் தனி கீபோர்டும் வாங்குங்கள். 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் முன்னால் எந்தப் பிரீமியம் 13 அங்குலத் திரையும் வசதியில் நிற்காது. லேப்டாப் பழையதானாலும் மானிட்டர் அடுத்ததோடும் வேலை செய்யும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் அதிகம். அவர்கள் பட்ஜெட்டின் உச்சியில் இருப்பதையும் பிரீமியத்தின் அடிமட்டத்தில் இருப்பதையும் ஒப்பிடுவார்கள். என் அனுபவத்தில் பிரீமியம் பெயரோடு 8 ஜிபி சாலிடர் ரேமில் வரும் அடிமட்ட மாடல்தான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. உடம்பு ஆறு வருடம் உழைக்கும், ரேம் இரண்டு வருடத்தில் திணறும். அதே பிரீமியம் வரிசையில் போன வருட மாடல் 16 ஜிபியோடு விலை குறைந்து கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

12. வாங்கும்போதும் வந்த பிறகும்

வரிசைப் பெயரை நம்பாமல் முழு மாடல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒரே பெயரில் 250 நிட்ஸ், 45 சதவீதம் என்டிஎஸ்சி திரையோடு ஒன்றும், 400 நிட்ஸ் திரையோடு ஒன்றும் வரும். விமர்சகர் கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது. லெனோவோவின் பிஎஸ்ஆர்இஎஃப் என்ற விவரக்குறிப்புத் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டால் திரை, ரேம் ஸ்லாட், பேட்டரி எல்லாம் வந்துவிடும். மற்ற நிறுவனங்களின் ஆதரவுப் பக்கத்திலும் சர்வீஸ் கையேட்டிலும் இதே விவரம் கிடைக்கும்.

வந்த அன்றே பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் இதையெல்லாம் செய்துவிடுங்கள்: முழுத் திரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக வைத்து இறந்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பட்டன்களையும் தட்டுங்கள். எல்லாப் போர்ட்டிலும் எதையாவது செருகுங்கள். டாஸ்க் மேனேஜரில் ரேமும் பிராசஸர் எண்ணும் பில்லில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு அரை மணி நேரம் கனமான வேலை கொடுத்து ஃபேன் சத்தத்தையும் அடிப்பாகச் சூட்டையும் கவனியுங்கள். இரண்டு மூன்று நாள் உங்கள் உண்மையான வேலையைப் பேட்டரியில் மட்டும் செய்து, எத்தனை மணி நேரம் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வாரன்ட்டி தொடங்கும் தேதி தயாரிப்பாளரின் தளத்தில் நீங்கள் வாங்கிய தேதிக்கு முன்னால் இருந்தால் பில்லைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள், இதைப் பின்னால் செய்வது கஷ்டம்.

எப்போதும் பிளக்கில் செருகியே வைத்திருப்பீர்கள் என்றால், தயாரிப்பாளர் கொடுத்த செயலியில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பு பெரும்பாலும் இருக்கும். அதை முதல் நாளே போட்டுவிடுங்கள், பேட்டரி கூடுதல் காலம் தாங்கும்.